ஸா கலோப்ராவை முதல் நாளே ஏறலாமா? மயோர்கா மலைச்சாலைகள் பற்றி ஆலோசனை தேவை

கோவை_பெடல்:

எல்லோருக்கும் வணக்கம். ஏப்ரல் நடுவில் அலுவலக வேலையாக பார்சிலோனா வருகிறேன். வேலை முடிந்ததும் ஒரு வாரம் விடுப்பு போட்டுவிட்டு ஸ்பெயினின் மயோர்கா தீவுக்குப் போய் சைக்கிள் ஓட்டுவதாக முடிவு செய்திருக்கிறேன். அங்குள்ள த்ரமுந்தானா மலைத்தொடர் ரொம்ப காலத்து ஆசை.

வண்டியை அங்கேயே வாடகைக்கு எடுப்பேன். மேட்டுப்பாளையம் – கோத்தகிரி சாலையில் வாராவாரம் ஏறுகிறவன் என்பதால் ஏற்றத்துக்குப் பயமில்லை. ஆனால் ஐரோப்பாவில் இதுவரை ஓட்டியதில்லை.

கடல் வரை இறங்கித் திரும்ப ஏறும் ஸா கலோப்ரா மலைச்சாலையை முதல் நாளே, கால் புதிதாக இருக்கும்போதே முடித்துவிடலாம் என்று நினைக்கிறேன். சரிதானா? தங்குவதற்கு சோயெர் நல்லதா, பொயென்சா துறைமுகம் நல்லதா? என்ன கியர் கேட்க வேண்டும்? அப்புறம், நான் சைவம். தனியாகத்தான் வருகிறேன்.

செந்தூரன்_சூரிக்:

வாருங்கள் தம்பி. சுவிஸ் மலைகளில் பனி கிடக்கும் மாதங்களில் எங்கள் சைக்கிள் கூட்டம் மயோர்காவுக்குத்தான் போகும். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதல் நாள் ஸா கலோப்ரா வேண்டாம். உங்கள் கால் மீது எனக்குச் சந்தேகமில்லை, அந்தச் சாலை போடப்பட்டிருக்கும் விதம்தான் காரணம். மற்ற மலைகளில் முதலில் ஏறுகிறோம். முடியவில்லை என்றால் பாதியில் திரும்பி வழுக்கிக்கொண்டே வீட்டுக்கு வந்துவிடலாம். இங்கே முதலில் இறங்க வேண்டும். மா-10 என்ற மலைச்சாலையிலிருந்து பிரிந்து இரண்டு மூன்று கி.மீ. ஏறினால் கோல் தெல்ஸ் ரேய்ஸ் கணவாய் வரும். உயரம் 682 மீட்டர். அங்கிருந்து கடல் வரைக்கும் ஒன்பதரை கி.மீ. இறக்கம். கீழே சில உணவகங்கள், ஒரு படகுத்துறை, தொரென்ட் தெ பரேய்ஸ் ஆற்றுப்பிளவு கடலோடு சேரும் இடம், அவ்வளவுதான். வேறு சாலை கிடையாது. இறங்கிய அத்தனையையும் சராசரி 7% சரிவில் திரும்ப ஏறித்தான் சாலை வழியாக வெளியே வர முடியும்.

எனவே முதல் நாளில் உங்களைச் சோதிப்பது அந்த இறக்கம்தான். பழகாத வண்டி, பழகாத பிரேக். சாலையின் வலப்பக்கம் ஓட்டும் பழக்கம் இல்லை. நெடுந்தூர விமானப் பயணத்தின் களைப்பு வேறு. இவ்வளவையும் சுமந்துகொண்டு இருபதுக்கு மேற்பட்ட கொண்டை ஊசி வளைவுகளில், எதிரே சுற்றுலாப் பேருந்து வரும்போது இறங்குவது நல்லதல்ல. இரண்டு நாள் சின்ன மலைகளில் கையும் கண்ணும் பழகட்டும்.

அந்தச் சாலையின் கதையைத் தெரிந்துகொண்டு போனால் ஏறும்போது இன்னும் நன்றாக இருக்கும். பொறியாளர் அந்தோனியோ பரியெத்தி வடிவமைத்து 1932இல் முடித்தது. மலையைக் குடைந்து சுரங்கம் போடுவதற்குப் பதிலாக, சரிவின் போக்கிலேயே சாலையை மடித்து மடித்துக் கீழே கொண்டுவந்தார். உச்சிக்குக் கீழே ஓரிடத்தில் சாலை ஏறக்குறைய 270 பாகை திரும்பித் தன் அடியிலேயே பாலத்துக்குக் கீழாகப் போகும். கழுத்துப்பட்டை முடிச்சு என்றுதான் ஊர்க்காரர்கள் அந்த இடத்துக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். ஏறி வரும்போது அந்தப் பாலம் தெரிந்துவிட்டால் கணவாய் பக்கத்தில் வந்துவிட்டது என்று அர்த்தம். வடக்கு முனையில் ஃபோர்மென்தோர் கலங்கரை விளக்கத்துக்குப் போகும் சாலையும் அதே பரியெத்தியின் கைவேலை. ஒரே ஆளின் மனம் இரண்டு சாலையிலும் வேலை செய்திருப்பது ஓட்டும்போதே தெரியும்.

வாணி_லண்டன்:

செந்தூரன் அண்ணா சொல்வதில் பாதியைத்தான் ஏற்பேன். முதல் நாள் வேண்டாம், சரி. ஆனால் கடைசி நாளுக்கும் தள்ளாதீர்கள். ஏப்ரலில் மலைமேல் வானிலையை நம்ப முடியாது. கடற்கரையில் 20 பாகை வெயில் அடிக்கும், அதே நேரத்தில் 800 மீட்டரில் மேகம் இறங்கிச் சாலை நனைந்திருக்கும். அது சுண்ணாம்புப் பாறை மலை. கார்களும் பேருந்துகளும் ஓடி ஓடி வளைவுகளில் தார் வழுவழுப்பாகியிருக்கும். அதில் முதல் மழை விழுந்தால் டயர் பிடிக்காது. மலைத்தொடருக்குப் பெயர் தந்த வடக்குக் காற்றும் வந்தால் ரெண்டு மூணு நாள் விடாது.

அதனால் என் ஆலோசனை, தேதி போட்டு வைக்காதீர்கள். ரெண்டாம் நாளிலிருந்து தினமும் இரவு முன்னறிவிப்பைப் பாருங்கள். காற்று குறைந்த, காய்ந்த காலை எது கிடைக்கிறதோ அன்றைக்கே போய்விடுங்கள். 'நல்ல கால் வரட்டும்' என்று காத்திருந்து நல்ல வானிலையை விட்டவர்கள் எங்கள் கிளப்பில் பலர்.

தங்குமிடம் பொயென்சா துறைமுகம் அல்லது அல்கூதியா. ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் சமவெளி, எந்த நாளும், கால் எந்த நிலையில் இருந்தாலும், ஒரு பாதை உண்டு. சோயெர் அழகான ஊர்தான். ஆனால் மலைக்கிண்ணத்துக்குள் இருக்கிறது. துறைமுகத்துக்குப் போவதைத் தவிர எந்தப் பக்கம் கிளம்பினாலும் உடனே ஏற்றம். ஓய்வு நாள் என்று ஒன்று அங்கே கிடையாது.

ரெஞ்ச்_மணி:

கியர் கேள்விக்கு என் பதில். எனக்கு இதுதான் தொழில்.

வாடகைக் கடையில் முன்னால் 50/34 பல், பின்னால் 11-34 பல் உள்ள கியர் கேட்டு வாங்குங்கள். இன்று பெரும்பாலான கடைகளில் இருக்கும், ஆனால் முன்பதிவிலேயே எழுதிக் கேட்பது நல்லது. ஏன் என்று கணக்கோடு சொல்கிறேன். 34க்கு 34 என்றால் பெடல் ஒரு சுற்று சுற்றினால் சக்கரமும் ஒரு சுற்று, ஏறக்குறைய 2.1 மீட்டர். நிமிடத்துக்கு 70 சுற்று மிதித்தால் மணிக்கு 8.8 கி.மீ. ஆளும் வண்டியும் தண்ணீரும் சேர்த்து 85 கிலோ என்று வையுங்கள். 7% சரிவில் அந்த வேகத்துக்கு 160 வாட் போல வேண்டும். அதே ஆள் பின்னால் 28 பல்லோடு போனால், 70 சுற்று மிதிப்பதற்கே மணிக்கு 10.7 கி.மீ. வேகம் தேவை, 200 வாட்டை நெருங்கிவிடும். அந்த 40 வாட் வித்தியாசம் முதல் பத்து நிமிடம் தெரியாது. ஸா கலோப்ரா ஒரு மணி நேரச் சமாச்சாரம். சுற்றை 55, 50 என்று குறைத்து இழுத்து மிதித்தால் முழங்காலில்தான் போய் உட்காரும்.

பெரிய கியர் பல்லை 'பாட்டி கியர்' என்று கேலி செய்யும் பழக்கம் நம் ஊரில் இருக்கிறது. அதைக் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம்.

கியரை விட முக்கியமானது ஒன்று. நம் ஊரிலும் இங்கிலாந்திலும் முன் பிரேக் வலது கையில். ஸ்பெயினில் வாடகைக்குத் தரும் வண்டிகளில் பொதுவாக இடது கையில். கடையிலேயே கேளுங்கள், மாற்றித் தர முடியுமானால் மாற்றிக்கொள்ளுங்கள். முடியாவிட்டால் ஆள் நடமாட்டமில்லாத காலி இடத்தில் அரை மணி நேரம் ஒவ்வொரு கையாகப் பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் சாலைக்குப் போக வேண்டும். பதற்றத்தில் கை பழைய பழக்கத்துக்குத்தான் போகும். டிஸ்க் பிரேக் வண்டி எடுங்கள், டயர் 28 மி.மீ. போதும்.

பால்மா_வாசி:

இந்த இழையை இப்போதுதான் பார்த்தேன். தீவிலேயே வசிக்கிறேன், வாரம் தவறாமல் ஓட்டுகிறேன். எனக்கு ஒரு வருத்தம் உண்டு. மயோர்கா என்றால் உலகம் முழுக்க ஒரே ஒரு சாலையைத்தான் கேட்கிறார்கள்.

ஸா கலோப்ரா நல்ல ஏற்றம், அதில் மாற்றுக் கருத்தில்லை. ஆனால் அது தனியாகத் துண்டித்துக் கிடக்கும் ஒரு கிளை. த்ரமுந்தானாவின் உயிர் மா-10 சாலையில்தான் இருக்கிறது. தென்மேற்கில் அந்த்ராட்ச்சில் தொடங்கி வடகிழக்கில் பொயென்சா வரை, ஏறத்தாழ 110 கி.மீ., மலையின் கடல் பக்கத்தைத் தொட்டுக்கொண்டே போகும். இங்கே வரும் சைக்கிள்காரர்களில் பெரும்பாலோர் வடக்கில் தங்குவதால் அதன் வடக்குப் பாதியை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள்.

மேற்குப் பாதி என்றால் அந்த்ராட்ச், எஸ்தெயென்க்ஸ், பன்யல்புஃபார், வால்தெமோஸ்ஸா, தெயா, சோயெர். பெரிய கணவாய் என்று சொல்ல ஒன்றுமில்லை, ஆனால் சமமான இடமும் இல்லை. ஏறி இறங்கி, ஏறி இறங்கி, ஒவ்வொரு வளைவிலும் கடல் ஒரு பக்கம், கல்லடுக்குச் சுவர் எழுப்பிய படிக்கட்டு வயல்கள் மறுபக்கம். பன்யல்புஃபார் போய்ப் பாருங்கள். சாந்து இல்லாமல் கல்லை மட்டும் பொருத்தி, மலைச்சரிவு முழுவதையும் வயலாக்கி, வாய்க்கால் வெட்டித் தண்ணீர் கொண்டுபோயிருக்கிறார்கள். ஒலிவ மரம், திராட்சை, எலுமிச்சை. தலைமுறை தலைமுறையாக மனிதர்கள் செதுக்கிய இந்த நிலத்துக்காகத்தான் 2011இல் யுனெஸ்கோ இந்த மலைத்தொடரைப் பண்பாட்டு நிலவெளியாக உலக மரபுப் பட்டியலில் சேர்த்தது. அந்த ஊருக்குக் கொஞ்சம் முன்னால் பாறை நுனியில் 1579இல் கட்டிய காவல் கோபுரம் ஒன்று நிற்கிறது. கடற்கொள்ளையரைக் கண்காணிக்கக் கட்டியது. அங்கே வண்டியை நிறுத்தாமல் யாரும் போக மாட்டார்கள், நீங்களும் போகாதீர்கள்.

ஸா கலோப்ராவுக்குப் போகும் நாளைப் பற்றி ஒன்றே ஒன்று. விடியற்காலையில் கிளம்புங்கள். சுற்றுலாப் பேருந்துகள் காலை நடுவில்தான் இறங்கத் தொடங்கும். அவை வருவதற்குள் நீங்கள் கீழே போய்த் திரும்பி ஏறிக்கொண்டிருக்க வேண்டும். பேருந்து ஒரு கொண்டை ஊசியை எடுக்கும்போது சாலை முழுவதையும் எடுத்துக்கொள்ளும். ஓட்டுநர்கள் கெட்டிக்காரர்கள், பொறுமைசாலிகள். ஆனால் இடம் என்பது அவ்வளவுதான் இருக்கிறது.

கோவை_பெடல்:

இவ்வளவு பதில்களா! எல்லோருக்கும் நன்றி. வாணி அக்கா சொன்னபடி தேதி வைக்கவில்லை. பொயென்சா துறைமுகத்தில் தங்க முடிவு செய்துவிட்டேன். 11-34 எழுதிக் கேட்டாயிற்று.

இன்னும் சில சந்தேகங்கள். புச் மயோர் ஏற்றம் ஸா கலோப்ராவை விடக் கடினமா? சுரங்கம் இருக்கிறது என்கிறார்களே, சைக்கிள் போகலாமா? அப்புறம் அந்தச் சாப்பாட்டு விஷயம்.

செந்தூரன்_சூரிக்:

புச் மயோர் ஸா கலோப்ராவை விட நீளம், ஆனால் சரிவு மென்மை. சோயெர் பக்கத்திலிருந்து 14 கி.மீ., சராசரி 6% போல. மயோர்காவின் உச்ச சிகரம் அது, 1,445 மீட்டர். சிகரத்தில் இராணுவ ரேடார் நிலையம் இருப்பதால் மேலே வரை யாரும் போக முடியாது. நாம் ஏறுவது தோள் வரைக்கும், ஏறக்குறைய 850 மீட்டர். அங்கே ஒரு சுரங்கம் வழியாக மறுபக்கம் போகிறோம். அதில் சைக்கிள் போகலாம். அதைத் தாண்டினால் கூபெர், கோர்க் பிளவ் என்று இரண்டு நீர்த்தேக்கங்கள், பால்மா நகருக்குக் குடிதண்ணீர் தருபவை. அதற்கப்புறம் இன்னொரு சிறிய சுரங்கம், பிறகு ஸா கலோப்ரா பிரிவு. முன்னும் பின்னும் விளக்கு கட்டாயம் வையுங்கள். வெயிலிலிருந்து திடீரென்று இருட்டுக்குள் நுழையும்போது கார் ஓட்டுபவரின் கண்ணுக்கு நீங்கள் தெரிய மாட்டீர்கள்.

சைக்கிளுக்குத் தடை இருப்பது வேறு சுரங்கத்தில். பால்மா – சோயெர் நெடுஞ்சாலைச் சுரங்கம் அது. அதில் கார்கள் போய்விடுவதால், மேலே கோல் தெ சோயெர் பழைய கணவாய்ச் சாலை ஏறத்தாழ முழுக்க சைக்கிள்காரர்களுக்கே கிடைத்துவிட்டது. சுரங்கச் சுங்கம் 2017இல் நீங்கிய பிறகு மேலே இன்னும் அமைதி. 497 மீட்டர், இரண்டு பக்கமும் நெருக்கமான கொண்டை ஊசிகள். வளைவு எடுத்துப் பழக இதைவிட நல்ல பள்ளிக்கூடம் தீவில் இல்லை.

வாணி_லண்டன்:

சாப்பாட்டுக்கு நான். மலைக்காரர்களின் அன்றாட உணவு பா அம்ப் ஒலி. நாட்டு ரொட்டியில் தக்காளியைத் தேய்த்து ஒலிவ எண்ணெய் ஊற்றுவார்கள். மேலே சீஸ் மட்டும் போதும் என்று சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் பன்றி இறைச்சித் துண்டோடு வரும். தும்பெத் என்று ஒன்று உண்டு, கத்தரிக்காய், உருளைக்கிழங்கு, குடைமிளகாயை எண்ணெயில் வதக்கித் தக்காளிக் குழம்பு ஊற்றி அடுக்கியது. சைவம், வயிறு நிறையும். சோயெரில் ஆரஞ்சுச் சாறு குடிக்காமல் வராதீர்கள், அந்தப் பள்ளத்தாக்கே ஆரஞ்சுத் தோப்பு.

கவனிக்க வேண்டியது என்சைமாதா. சுருள் வடிவ இனிப்பு ரொட்டி, எல்லாக் கடையிலும் முகப்பிலேயே இருக்கும். அதைப் பன்றிக் கொழுப்பில்தான் செய்கிறார்கள். பார்த்தால் தெரியாது, சாப்பிட்டாலும் தெரியாது. இதை யாரும் நம்மவர்களுக்கு முன்கூட்டிச் சொல்வதில்லை, அதனால் சொல்கிறேன்.

தண்ணீர்: சோயெரை விட்டால் லூக் மடாலயம் வரைக்கும் கடை, குழாய் எதையும் நம்பிப் போகாதீர்கள். ரெண்டு பெரிய பாட்டில். லூக்கில் தண்ணீர், காப்பி, உட்கார நிழல் எல்லாம் உண்டு. பதின்மூன்றாம் நூற்றாண்டிலிருந்து யாத்திரிகர்கள் வரும் இடம், களைத்து வருபவர்கள் அங்கே இருப்பவர்களுக்குப் புதிதல்ல.

ஓட்டம்_நிற்காது:

நான் வேறு மாதிரி யோசிக்கிறேன். ஏப்ரல் கடைசியில் மயோர்கா 312 என்ற 312 கி.மீ. சைக்கிள் நிகழ்வு நடக்கிறதே, அதோடு சேர்த்துப் போகலாமே? சாலையில் கார் இருக்காது, உணவு நிலையங்கள் இருக்கும், தனியாக வருபவருக்கு ஆயிரக்கணக்கான துணை. 312 முடியாதவர்களுக்கு 225, 167 கி.மீ. என்று குறைந்த தூரமும் இருக்கிறது.

செந்தூரன்_சூரிக்:

அது அருமையான நாள். ஆனால் முதல் தடவை வருபவருக்கு நான் சொல்ல மாட்டேன். 312 என்றால் 14 மணி நேர வரம்புக்குள் 5,000 மீட்டரை ஒட்டிய ஏற்றம். இடம் முன்கூட்டியே தீர்ந்துவிடும். அதைவிட முக்கியம், கூட்டத்தில் இறங்குவது தனியாக இறங்குவதைவிடக் கடினம். முன்னால் போகும் ஆயிரம் பேரில் ஒருவர் வளைவுக்குள் பிரேக்கை அழுத்தினால் பின்னால் வரும் எல்லோருக்கும் ஆபத்து. தொடக்கத்தில் உண்மையாகவே தீவைச் சுற்றிவரும் பாதையாக இருந்தது, பெயரும் அப்படித்தான் வந்தது. இப்போது பாதை மாறிவிட்டது. இந்த மலைகளைத் தெரிந்துகொண்ட பிறகு அதற்கு வாருங்கள்.

இறக்கம் என்று வந்துவிட்டதால் அதையும் எழுதிவிடுகிறேன். வளைவுக்கு முன்பே பிரேக், நேரான துண்டில், இரண்டு கையும் கீழ்ப்பிடியில். வளைவுக்குள் நுழைந்ததும் கையைத் தளர்த்துங்கள். வெளிப்பக்கப் பெடல் கீழே, உடல் எடை அதன் மேல். கண் முன் சக்கரத்தில் இருக்கக் கூடாது, வளைவு எங்கே முடிகிறதோ அங்கே இருக்க வேண்டும். எங்கே பார்க்கிறோமோ வண்டி அங்கேதான் போகும். தடுப்புக் கல்லைப் பார்த்தால் தடுப்புக் கல்லுக்கே போகும்.

ஏறும்போது ஒரு விஷயம். ஸ்பெயினில் வலப்பக்கம் ஓட்டுவதால் வலப்பக்கக் கொண்டை ஊசிகளில் நீங்கள் உள்வட்டத்தில் இருப்பீர்கள். உள்வட்டத்தில் சரிவு எப்போதும் கூடுதல். அதற்கு முன்பே ஒரு பல் லேசாக்கிவிடுங்கள். இடப்பக்க வளைவில் உங்களுக்கு வெளிவட்டம் கிடைக்கும், அங்கே கொஞ்சம் மூச்சு வாங்கலாம். நம் ஊரில் இது தலைகீழ், உடம்பு பழைய கணக்கையே வைத்திருக்கும்.

ஆடுகள் பற்றியும் சொல்ல வேண்டும். மா-10இலும் ஸா கலோப்ராவிலும் ஆடு சாலை நடுவில் நிற்கும், நகராது.

ரெஞ்ச்_மணி:

ஒரு சிறு சேர்க்கை. நீண்ட இறக்கத்தில் பிரேக்கைத் தொட்டுக்கொண்டே வர வேண்டாம். பிடி, விடு, பிடி, விடு. விடும்போதுதான் டிஸ்க் ஆறும்.

பால்மா_வாசி:

சட்டமும் தெரிந்துகொண்டு வாருங்கள். ஊர் எல்லைக்கு வெளியே தலைக்கவசம் கட்டாயம். ஓட்டும்போது காதில் ஒலிப்பான் போடக் கூடாது. மது அளவுச் சட்டம் சைக்கிளுக்கும் உண்டு. இருவர் பக்கவாட்டில் போகலாம், ஆனால் பார்வை மறையும் இடத்திலும் பின்னால் வண்டி சேரும்போதும் ஒற்றை வரிசை. கார்கள் சைக்கிளைக் கடக்கும்போது குறைந்தது 1.5 மீட்டர் விட வேண்டும். ஒரு திசையில் ஒன்றுக்கு மேற்பட்ட தடம் இருந்தால் அடுத்த தடத்துக்கே முழுசாக மாற வேண்டும், இது 2022இல் வந்த விதி. பெரும்பாலானோர் இதை மதிக்கிறார்கள். பின்னால் ஒரு கார் வளைவு வளைவாகப் பொறுமையாக வரும். அது உங்களைத் துரத்தவில்லை, கடக்க இடம் பார்க்கிறது. பாதுகாப்பான ஓரிடத்தில் ஒதுங்கிக் கை காட்டினால் அந்த மனிதரின் நாள் நன்றாக இருக்கும்.

இதை ஏன் வலியுறுத்துகிறேன் என்றால், இங்கே மக்களிடம் ஒரு சலிப்பு வளர்ந்திருக்கிறது. 2024 ஜூலையில் பால்மா தெருக்களில் ஆயிரக்கணக்கானோர் அளவுமீறிய சுற்றுலாவுக்கு எதிராக ஊர்வலம் போனார்கள். வீட்டு வாடகை, தண்ணீர், நெரிசல் எல்லாம் சேர்ந்த கோபம் அது.

ஓட்டம்_நிற்காது:

ஆனால் அதில் சைக்கிள்காரர்களைச் சேர்ப்பது நியாயமா? நாம் வருவது பிப்ரவரியிலிருந்து மே வரை, அப்புறம் அக்டோபர். கடற்கரைக் கூட்டம் இல்லாத மாதங்களில் விடுதிகளும் உணவகங்களும் திறந்திருப்பதே நம்மால்தான். புகை இல்லை, சத்தம் இல்லை. எல்லாச் சுற்றுலாவையும் ஒரே தட்டில் வைக்கக் கூடாது.

பால்மா_வாசி:

பருவம் நீண்டதில் சைக்கிளுக்குப் பங்கு உண்டு, அதை இங்கே யாரும் மறுப்பதில்லை. ஆனால் மலையில் வசிப்பவரின் பக்கம் நின்று பாருங்கள். எஸ்கோர்க்காவிலோ ஃபோர்னலுட்ச்சிலோ இருக்கும் ஒருவருக்கு மா-10 என்பது காட்சிச் சாலை இல்லை. வேலைக்கு, மருத்துவருக்கு, பிள்ளையின் பள்ளிக்குப் போகும் சாலை. இருபது பேர் சாலை முழுக்கப் பரவி, பேசிக்கொண்டே ஏறும்போது அவர் பின்னால் இருபது நிமிடம் ஊர்கிறார். புகை வரவில்லை என்பது அவருக்கு ஆறுதல் ஆகாது. பத்து பேருக்கு மேல் இருந்தால் இரண்டு குழுவாகப் பிரிந்து நடுவில் கார் நுழைய இடம் விடுங்கள். சாப்பிட்ட சக்தி ஜெல்லின் உறையைச் சட்டைப் பையிலேயே வையுங்கள். காப்பிக் கடையில் கழிவறையை மட்டும் பயன்படுத்திவிட்டுக் கிளம்பாதீர்கள். இவ்வளவு செய்தால் பாதிக் கோபம் குறையும், உறுதியாகச் சொல்கிறேன்.

இந்தத் தீவு சைக்கிளை வெறுக்கும் தீவு அல்ல. ஃபெலனிட்ச் ஊர்க்காரர் கியெம் தீமோனெர், 1955க்கும் 1965க்கும் இடையில் மோட்டார் வண்டியின் பின்னால் ஒட்டிக்கொண்டு சைக்கிள் ஓட்டும் பந்தயத்தில் ஆறு முறை உலகச் சாம்பியன். ஜுவான் யானெராஸ் 2000இலும் 2008இலும் ஒலிம்பிக் தங்கம் வாங்கினார். ஆர்த்தா ஊரின் என்ரிக் மாஸ் ஸ்பெயின் சுற்றுப் பந்தயத்தில் மூன்று முறை இரண்டாம் இடம். ஞாயிற்றுக்கிழமை சமவெளியில் எழுபது வயதுத் தாத்தாக்கள் இரும்புச் சட்ட வண்டியில் கூட்டமாகப் போவார்கள். உங்களை முந்திக்கொண்டு போகும்போது 'பொன் தியா' என்று வணக்கம் சொல்லிவிட்டுத்தான் போவார்கள்.

வாணி_லண்டன்:

பால்மாவாசி சொன்னதோடு முழுக்க ஒத்துப்போகிறேன். பெண்கள் தனியாக ஓட்டுவதற்கும் எனக்குத் தெரிந்து இவ்வளவு நிம்மதியான மலைச்சாலை குறைவு. எந்தக் கணவாயிலும் யாராவது டியூப் மாற்றிக்கொண்டிருப்பார்கள், யாராவது நின்று உதவுவார்கள். கோவைத் தம்பி, தனியாக வருவதைப் பற்றிக் கவலை வேண்டாம். ஆனால் கணவாயில் போட ஒரு மெல்லிய காற்றுச் சட்டை கட்டாயம். ஏறி வந்த வியர்வையோடு 850 மீட்டரிலிருந்து இறங்கினால் விரல் மரத்துப்போய் பிரேக் பிடிக்க வராது.

கோவை_பெடல்:

திட்டம் இப்போது இப்படி இருக்கிறது. முதல் நாள் கடற்கரையோரம், பிரேக் பழக. அடுத்து கைமாரி வழியாக லூக் ஏறி, கோல் தெ ஃபெமெனியா கணவாய் வழியாக இறக்கம். காய்ந்த காலை கிடைக்கும் நாளில் விடியலிலேயே ஸா கலோப்ரா. ஒரு நாள் சமவெளியில் சினேவ், பெத்ரா ஊர்கள். மேற்கு மா-10க்கு, கடைசிக்கு முந்தின இரவு பால்மாவில் தங்கி, அங்கிருந்து அந்த்ராட்ச் போய் சோயெர் வரை ஓட்டி, பழைய கணவாய் வழியாக பால்மா திரும்பலாம் என்று நினைக்கிறேன். ஃபோர்மென்தோர் கலங்கரை விளக்கத்தை ஞாயிறு மாலைக்கு வைத்திருக்கிறேன். சரியாக வருமா?

செந்தூரன்_சூரிக்:

நன்றாக இருக்கிறது. பொயென்சா துறைமுகத்திலிருந்து ஸா கலோப்ரா போய்வர 100 கி.மீ.யை ஒட்டி வரும், ஏற்றம் 2,000 மீட்டரைத் தாண்டும். கீழே இறங்கியதும் உட்கார்ந்து நன்றாகச் சாப்பிடத் தோன்றும். வேண்டாம். ஒரு காப்பி, ஒரு வாழைப்பழம், உடனே திரும்புங்கள். பெரிய சாப்பாட்டை லூக்கில் வைத்துக்கொள்ளுங்கள். ஏற்றத்தின் முதல் மூன்று கி.மீ.யில் 'இன்னும் வேகமாகப் போகலாம்' என்று தோன்றும் அளவுக்கு மட்டும் மிதியுங்கள்.

பால்மா_வாசி:

இரண்டு மாற்றம் மட்டும். சமவெளி நாளைப் புதன்கிழமைக்கு வையுங்கள். அன்றைக்குத்தான் சினேவ் வாரச்சந்தை, ஆடு கோழி வரை விற்பார்கள். வண்டியைத் தள்ளிக்கொண்டுதான் நடக்க முடியும், ஆனால் பார்க்க வேண்டிய சந்தை. ஃபோர்மென்தோரை மாலைக்கு வைக்காதீர்கள். கோடையில் பகலில் தனியார் கார்களுக்குத் தடை வரும், ஏப்ரலில் அது இருக்காது. ஞாயிறு மாலை சூரிய அஸ்தமனம் பார்க்க வரும் கார்கள் எல்லாம் அந்தக் குறுகிய சாலையில்தான் நிற்கும். விடியலில் போனால் முனை வரை உங்களுக்கே சாலை. திரும்பி வரும்போது பொயென்சா ஊர்ச் சதுக்கத்தில் ஞாயிறு சந்தை இருக்கும், பழம் அங்கே வாங்கிக்கொள்ளலாம். மேற்குப் பாதை நாளன்று எனக்கு விடுமுறை என்றால் அந்த்ராட்ச்சிலிருந்து நானும் வருகிறேன். தேதி முடிவானதும் தனிச்செய்தி அனுப்புங்கள்.

கோவை_பெடல்:

அனுப்பிவிட்டேன் அண்ணா. ஃபோர்மென்தோரை ஞாயிறு விடியலுக்கு மாற்றியாயிற்று. கடைக்கும் முன் பிரேக்கை வலது கைக்கு மாற்றச் சொல்லி எழுதினேன், செய்து தருகிறோம் என்று இப்போதுதான் பதில் வந்தது.